பிறழ்சாட்சி

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஸ்டேஷனுக்குப் போன் போட வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தாலுகாவுக்கு நான் பகுதிநேர நிருபராக இருந்த நான்கு ஆண்டுகளும் அந்த நேரம் தவறியதில்லை. மறுமுனையில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு. அவர் குரலை வைத்தே அன்றைக்கு எத்தனை செய்தி தேறும் என்று தெரிந்துவிடும்.

“அய்யா, இன்னைக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ஒரு டூவீலர் ஆக்சிடெண்டு. ஒரு கிணத்துப் பொணம். பொண்ணு, பத்தொம்பது வயசு, தறிக்குப் போறது. எழுதிக்குங்க.”

“காரணமுங்க?”

“வயித்துவலி.”

எழுதிக்கொண்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாக்கியங்கள் எல்லாம் முன்பே கையில் இருந்தன. தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். பல இடங்களில் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லை. வாழ்க்கையில் விரக்தியடைந்து இந்த முடிவை எடுத்தார். தமிழில் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் இந்த வயிற்றுவலி புதிதல்ல. காவல் நிலையத்தில் ஒரு மரணத்தின் கோப்பை விரைவாக மூடுவதற்கு அது உதவுகிறது. செய்தியாளனுக்கு ஒரு பத்தியை நிரப்ப உதவுகிறது. எத்தனையோ இளம்பெண்களின் கதைகள் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ரேஷன் கடை பற்றிய ஒரு புகாருக்காக அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். நிருபர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் காலனிப் பக்கமிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஓட்டு வீடு. சுவரில் மகளின் படம். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். படத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். மடிப்பில் மஞ்சள் கறை. மகளின் பேர் பேப்பரில் வந்திருக்கிறது என்று யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க தம்பி.”

நான் எழுதியதை நானே அவர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். வயிற்றுவலி என்ற சொல் வந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். “எம்புள்ளைக்கு வயித்துவலின்னு யாருங்க சொன்னது?” என்று மட்டும் கேட்டார். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் வேலையை விட்டேன். குற்றச் செய்திகளில் ஊடகம் ஒருபக்கம் சாய்கிறது என்று இன்று மேடையிலும் தெருவிலும் பேசும்போதெல்லாம், பிறர்மேல் கை நீட்டுவதற்கு முன் அந்த மடித்த தாள் எனக்கு நினைவு வருகிறது. நான் பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்லியிருந்தேன்.

நீதிமன்றத்தில் ‘பிறழ்சாட்சி’ என்று ஒரு சொல் உண்டு. முதலில் சொன்னதைப் பின்பு கூண்டில் ஏறி மறுப்பவர். இந்த வட்டாரத்தில் ஒரு கொலை வழக்கு நடந்தால் அந்தச் சொல்லைப் பல தடவை கேட்கலாம். அப்படிப் பிறழ்கிறவர்களை நாம் ஏசுகிறோம். செய்தித்தாளும் ஒரு சாட்சிதான். கொலை நடந்த மறுநாள் காலையில் ஊர் முழுக்கச் சொல்லப்படும் முதல் சாட்சியம் அதனுடையது. அது பிறழ்ந்தால் கேட்பதற்கு யாரும் இல்லை.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியைப் பார்க்கத் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் மலைக்குப் போனார். பாதி ஆண், பாதி பெண்ணாகத் தெய்வம் நிற்கும் மலை அது. அந்தப் பெண் கொங்கு வேளாளக் கவுண்டர் சாதி, இவர் தலித். கோயிலில் வைத்து ஒரு கும்பல் இருவரையும் பிரித்தது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில், தலை துண்டான நிலையில் அவர் உடல் கிடந்தது. காதல் தோல்வியால் சாகிறேன் என்று அவரே பேசும் ஒரு வீடியோவும், ஒரு கடிதமும் இருந்தன. மிரட்டிப் பேசவைத்து, எழுதவைத்து, பிறகு கொன்றிருக்கிறார்கள் என்பது விசாரணையில் வந்தது.

முதல் இரண்டு மூன்று நாள் செய்திகளை நினைத்துப் பாருங்கள். ‘வாலிபர் பிணம்’, ‘மர்மச் சாவு’, ‘தற்கொலையா?’. அந்தக் கேள்விக்குறியின் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. அச்சிடுகிறவரைப் பொறுப்பிலிருந்து காப்பாற்றும். படிக்கிறவர் மனதில் வேலையை முடித்துவிடும். தேநீர்க் கடையில் கேள்விக்குறியை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் 2013 ஜூலையில் தர்மபுரியில் தண்டவாளத்தின் ஓரம், சாதி மாறி மணந்த தலித் இளைஞர் இளவரசனின் உடல் கிடைத்திருந்தது. அந்த நினைவு மாறாத நிலத்தில், இன்னொரு தலித் இளைஞர் தண்டவாளத்தில் கிடந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? பையனின் தாய் பிணவறை வாசலில் நின்று, என் மகன் அப்படிப்பட்டவன் அல்ல, கொன்றுவிட்டார்கள் என்று சொன்னதால்தான் விஷயம் வேறு பாதைக்குத் திரும்பியது. சேலம் அரசு மருத்துவமனையில் நடந்த பிரேதப் பரிசோதனையும், கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவும் அதற்குப் பின்னால் வந்தவை.

அதன் பிறகு நடந்தது இன்னும் கொடியது. முதல் குற்றவாளியாகத் தேடப்பட்ட யுவராஜ், தீரன் சின்னமலை கவுண்டர் பேரவை என்ற அமைப்பின் தலைவர், நூறு நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்தார். தலைமறைவு என்ற சொல்லே அங்கே பொருள் இழந்துபோனது. வாட்ஸ்அப்பில் அவர் குரல் ஊர் ஊராகச் சுற்றியது. தொலைக்காட்சியில் பேட்டி வந்தது. போலீஸ் கையில் சிக்காதவர் மைக் முன்னால் உட்கார்ந்து தன் தரப்பைப் பொறுமையாகச் சொன்னார். அவரே அறிவித்துவிட்டு, 2015 அக்டோபர் 11 அன்று நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் சரணடைந்தார், வாசலில் ஆதரவாளர்கள், எதிரே கேமராக்கள். இதற்கு நடுவில், வழக்கை விசாரித்துவந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டார். இருபத்தேழு வயதுப் பெண் அதிகாரி. அவருக்கு வேலையில் என்ன நெருக்கடி இருந்தது என்று கேட்ட குரல்கள் இருந்தன. அதைவிடச் சத்தமாக, அவருக்குத் தனிப்பட்ட வாழ்க்கையில் என்ன இருந்தது என்று துருவியவர்களும் இருந்தார்கள்.

ஒரு பேட்டி எடுப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பேச உரிமை உண்டு. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி அல்ல. ஆனால் அந்தப் பேட்டிக்குக் கொடுத்த நிமிடங்களில் எத்தனை நிமிடம் ஓமலூர் வீட்டுக்குக் கிடைத்தது? செத்தவரின் குரலாக நாட்டுக்குக் கேட்டது மிரட்டி வாங்கிய அந்த வீடியோ மட்டும்தான். தேடப்பட்டவர் தன் சொந்தக் குரலில் பேசினார். கொல்லப்பட்டவர், கொன்றவர்கள் எழுதிக்கொடுத்த வசனத்தில் பேசினார். இரண்டையும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி ஒளிபரப்பிவிட்டு இருதரப்பையும் காட்டினோம் என்று சொல்வது நடுநிலை அல்ல.

இது ஏன் நடக்கிறது என்று கேட்டால் ஊடக முதலாளிகளின் சாதி, கட்சி என்று பேசுவது வழக்கம். அதுவும் உண்டு. கீழே, தாலுகா மட்டத்தில் எப்படி நடக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டும். பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விளம்பரத்தில் வரும் கமிஷன்தான் வண்டிக்குப் பெட்ரோல். விளம்பரம் கொடுப்பவர் யார்? கோழிப்பண்ணைக்காரர், ரிக் வண்டி வைத்திருப்பவர், திருமண மண்டபக்காரர், லாரி அதிபர். சங்க மாநாடு என்றால் முழுப்பக்கம். தலைவர் பிறந்தநாள் என்றால் அரைப்பக்கம். கொலை செய்யப்பட்ட பையனின் வீட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தால் அதிகம். செய்தியை யாரும் போன் போட்டுத் தடுப்பதில்லை. தடுக்க வேண்டிய தேவை வருவதில்லை. எந்தச் சொல்லைப் போடக்கூடாது என்று நிருபருக்கே தெரியும். ஒரு சாட்சி கூண்டில் ஏறும்போது ஊரில் தன் வீடு, தன் வரப்பு, தன் பிள்ளைகள் போகும் பஸ் எல்லாவற்றையும் நினைத்துக்கொள்கிறாரே, அதே கணக்குத்தான்.

சொல் என்றேன். தமிழில் சாய்வு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வினைமுற்றின் விகுதியில் இருக்கிறது. செல்வாக்குள்ளவர் ‘கைது செய்யப்பட்டார்’. ஆடு திருடியவர் ‘பிடிபட்டான்’. ஒருவருக்கு ‘உடல்’, இன்னொருவருக்குப் ‘பிணம்’. தெருவில் வாழ்ந்தவர் செத்தால் ‘அனாதைப் பிணம்’. கல்யாணமான பெண் கொல்லப்பட்டால் அவள் தரப்பைச் சொல்ல ஆளில்லாத நேரத்தில் ‘கள்ளக்காதல்’ என்று ஒரு சொல் போதும். கொன்றவர்மேல் எழுதுவதற்கு முன்பே அவள்மேல் குற்றப்பத்திரிகை எழுதியாயிற்று. அந்தக் காலத்தில் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்கள் கற்புக்கும் பாவத்துக்கும் தீர்ப்புச் சொன்னபடியே கொலையை விவரிக்கும். அச்சுக்கோத்த கை மாறி, கம்ப்யூட்டர் வந்து, இப்போது செல்போனில் நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்தாலும் அந்தச் சிந்து மெட்டு நம் டெஸ்குகளை விட்டு இன்னும் போகவில்லை.

ஆனாலும் சொல் மாறும் என்பதற்கும் தமிழ்தான் சாட்சி. சாதி மாறிக் காதலித்தவர்களைக் கொல்வதைக் ‘கௌரவக் கொலை’ என்று எழுதிவந்தோம். ஆங்கிலத்திலிருந்து வந்த அந்தச் சொல் கொன்றவரின் நியாயத்தைத் தன் பெயரிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. இயக்கங்களும் எழுத்தாளர்களும் விடாமல் சண்டை போட்டு ‘ஆணவக் கொலை’ என்பதை நிலைநிறுத்தினார்கள். இன்று பெரிய நாளிதழ்களும் அதைத்தான் எழுதுகின்றன. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல், படிக்கிறவர்கள் கேட்டுக் கேட்டு மாறிய சொல் அது. ஊடகத்தைப் பொதுவில் விமர்சிப்பதால் என்ன பயன் என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

மாறாதது ஒன்று உண்டு. ‘குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்த’, ‘மாற்றுச் சமூகத்தினர்’, ‘இரு தரப்பினரிடையே மோதல்’. குற்றச் செய்தியில் சாதியைத் தேவையில்லாமல் எழுதக்கூடாது என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறி. ஒரு சாதியையே இழிவுபடுத்துவதைத் தடுக்க வந்த நல்ல விதி. திருட்டு நடந்தால் இன்ன சாதிக்காரன் திருடினான் என்று எழுதக்கூடாதுதான். சாதிக்காகவே நடந்த கொலையில் சாதியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? காரணமே இல்லாமல் ஒரு கொலை நிற்கிறது. காரணம் இல்லாத இடத்தில் ‘காதல் விவகாரம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. எளியவரைக் காக்க எழுதிய விதி வலியவருக்கு முக்காடாகிறது.

2018 அக்டோபர் 22 மாலை, சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பதின்மூன்று வயது தலித் சிறுமி தாயோடு வீட்டில் இருந்தாள். பக்கத்தில் வசித்த, ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஒருவர் அரிவாளோடு வந்து, தாயின் கண்முன்னே அவள் தலையை வெட்டினார். அவருடைய பாலியல் தொல்லையை அவள் தாயிடம் சொல்லியிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. கொன்றவருக்கு மனநலம் சரியில்லை என்ற பேச்சு முதல் செய்திகளிலேயே இடம்பிடித்துக்கொண்டது. அந்த வாரம் தமிழ்த் தொலைக்காட்சிகளின் இரவு விவாதங்கள் முழுவதும் திரையுலகின் மீ டூ புகார்கள். அந்தப் புகார்கள் முக்கியமில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பேசத் துணிந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொன்னதற்காக ஒரு சிறுமியின் தலை போயிருந்தது. மீ டூ என்ற சொல்லின் முழுப்பொருளும் அந்த வீட்டு வாசலில் கிடந்தது. கேமரா வண்டி சென்னையிலிருந்து ஆத்தூருக்கு வரப் பல நாள் ஆயிற்று. அதுவும் சமூக வலைதளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவள் பேர் சொல்லிக் கேட்ட பிறகு.

பேர் சொல்லி என்றேன். அங்கே ஒரு முள் இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. அதே 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இறந்துவிட்டாலும் பேர் சொல்லக்கூடாது என்றது. அதனால் நானும் இங்கே எழுதவில்லை. ஆனால் அன்று அவள் பேரைச் சுமந்துகொண்டு போனவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேர் ஒன்றுதான் அந்தச் சிறுமியிடம் இருந்தது. கேமராவை இழுத்துவர வேறு கயிறு அவர்களிடம் இல்லை. ஊடகம் தானாகப் போயிருந்தால் அந்தப் பேரைத் தெருவில் எழுதிப் பிடிக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. 2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு மென்பொருள் பொறியாளர் கொல்லப்பட்டபோது ஒரு நாள் விடாமல் வாரக்கணக்கில் நேரலை ஓடியதைப் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த அக்கறையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆத்தூருக்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறேன்.

கேமரா வராத இடத்தில் செல்போன் சாட்சியானதும் உண்டு. 2021 ஜூன் 22 அன்று சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் ஊரடங்கு நேரத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர் லத்தியால் அடிக்கப்பட்டு மறுநாள் இறந்தார். கூட இருந்தவர் எடுத்த செல்போன் வீடியோ ஊர் முழுக்கப் பரவியது. சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். அந்த வீடியோ இல்லாதிருந்தால் மறுநாள் பேப்பரில் என்ன வந்திருக்கும் என்பதை, சாயங்காலம் ஐந்தரைக்குப் போன் போட்டுப் பழகிய எவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் காட்டலாம்.

தண்டனை விஷயத்துக்கு வருகிறேன். குற்றத்துக்கு ஒரு மாதம் கொடுக்கும் ஊடகம் தண்டனைக்கு ஒரு நாள் கொடுக்கிறது. அந்த ஒரு நாளிலும் ‘தூக்கு’ என்ற சொல் இருந்தால்தான் எழுத்து பெரிதாகிறது. 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கருகிய மூன்று மாணவிகளில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்த கோகிலவாணி. கிருஷ்ணகிரியில் தொடங்கிய விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். கோகிலவாணியின் தந்தை உயர் நீதிமன்றம் போனார். அதன் பிறகே வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு மறுபடி நடந்தது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் அ.தி.மு.க.வைச் சேர்ந்த மூவருக்குத் தூக்கு விதித்தபோது எல்லாப் பத்திரிகையிலும் தலைப்பு. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பர் 19 அன்று மூவரும் வேலூர் சிறையிலிருந்து விடுதலையானார்கள். கஜா புயல் கரை கடந்து மூன்றே நாள். டெல்டா தரைமட்டமாகிக் கிடந்தது. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்வி அந்தக் காற்றில் போயிற்று.

நான் தூக்குத் தண்டனைக்கு எதிரானவன். அது குறைக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. ஒரு தண்டனை ஏன் விதிக்கப்பட்டது, ஏன் குறைந்தது, யார் முடிவெடுத்தார்கள், எந்த விதியின்கீழ் வெளியே வந்தார்கள் என்று படிக்கிறவருக்குப் பொறுமையாகச் சொல்ல இங்கே ஆளில்லை. சொல்லாததால் அவர் மனதில் இரண்டே படம் நிற்கிறது: எரிகிற பேருந்து, தூக்குக் கயிறு. உடுமலையில் 2016 மார்ச் 13 அன்று, சாதி மாறி மணந்ததற்காகச் சங்கர் நடுத்தெருவில் வெட்டப்பட்ட காட்சியும் அப்படித்தான் நிற்கிறது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு விதித்த தூக்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் அவர் மனைவியின் தந்தையை விடுவித்து மற்ற ஐவருக்கு ஆயுளாகக் குறைத்த தீர்ப்பின் காரணங்களை எத்தனை பேருக்கு எந்தத் தொலைக்காட்சி விளக்கியது? காரணம் தெரியாத மக்கள் அடுத்த கொலையில் என்கவுன்டர் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கோகுல்ராஜ் வழக்கும் ஊர் மாறித்தான் முடிந்தது. நாமக்கல்லில் நீதி கிடைக்காது என்று தாய் உயர் நீதிமன்றத்தில் முறையிட, 2019இல் அது மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனது. கூண்டில் முக்கியமான சாட்சியே பிறழ்ந்தார். மூத்த வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நின்றார். 2022 மார்ச் 5 அன்று பத்துப் பேர் குற்றவாளிகள், ஐந்து பேர் விடுதலை என்று தீர்ப்பு. மார்ச் 8 அன்று யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு மலைக்கு வந்து, கேமராக்கள் இருந்த இடங்களையும் வாசல்களையும் நடந்து பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 2 அன்று தண்டனையை உறுதிசெய்தார்கள். இருவருக்கு மட்டும் குறைத்தார்கள்.

உயர் நீதிமன்ற நீதிபதிகள் வெளியூரிலிருந்து அந்த மலைக்கு வந்து கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மலையடிவாரத்திலேயே இருந்த நாம் முதல் நாள் ஏறிப் பார்க்கவில்லை. வழக்கின் முடிவில் நிற்கும் சொல் ‘கொலை’. நாம் தொடக்கத்தில் அச்சிட்ட ‘தற்கொலையா?’ நூலகங்களில் தைத்துவைத்த தாள்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குத் திருத்தம் போட்ட பத்திரிகை ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்துத் தாலுகாக்களில் இன்று சாயங்காலமும் ஐந்தரைக்குப் போனை எடுக்கப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனில் கேளுங்கள், கேட்காமல் முடியாது. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். எழுதி முடித்ததும், அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து இதை வாய்விட்டுப் படிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாத வரியை அடித்துவிட்டு அனுப்புங்கள்.